இரண்டாவது பருந்து

இருபது வருடமாக அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகினால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். கேமராவிலும் அதே கதைதான். பறக்கும் பறவைகளை எடுக்கக் கிளம்பி மூன்று மாதம், நானூறு படம், முக்கால்வாசி வால்.

"என்ன மாமா, வாலுக்கு மட்டும் ஆல்பமா?" என்றான் மைத்துனன். லிஃப்ட் மெக்கானிக். "ரெண்டு கண்ணையும் தொறந்து வைங்க. ஒண்ணு கேமராவுக்கு, ஒண்ணு வானத்துக்கு."

"பழக்கம்டா. விட்டுத் தொலைய மாட்டேங்குது."

அவன் வேலைக்குப் போகும் கட்டடத்தில் ஒன்பதாவது மாடிக்கு மேல் லிஃப்ட் அறை. அதன் கூரையில் பருந்துக் கூடு, உள்ளே குஞ்சு. கூட்டின் குச்சிகள் காற்றுத் துவாரத்தை அடைத்திருந்தன. அவன் ஏறி எடுக்க வேண்டும். ஏறினால் பருந்து பாயும். அவருக்கு வேண்டிய படம் அதுதான்.

"ஜோடி, மாமா. ஒண்ணு முன்னால மிரட்டும், இன்னொண்ணு சத்தமில்லாம வரும். எனக்கு முதுகுல கண்ணு இல்ல. வந்தா கத்துங்க. எனக்கு ஏதாவது ஆச்சு, அக்கா உங்க தோலை உரிச்சுடுவா."

ஏணியில் ஏறினான். முதல் பருந்து எழுந்தது. கீழே நின்ற அவர் கேமராவோடு இடுப்பைத் திருப்பி அதைப் பின்தொடர்ந்தார். முதல் தடவையாக அலகும் கண்ணும் சட்டத்துக்குள் நின்றன. பொத்தானை அழுத்தியபடியே இருந்தார். மூச்சு விடவில்லை.

அலறல் கேட்டது.

அவருடைய இடப்பக்கமாக வந்த இரண்டாவது பருந்து மைத்துனன் முகத்தை நகங்களால் பற்றியிருந்தது. ஒரு நகம் புருவத்துக்குக் கீழே. அவன் ஸ்பேனரால் அடித்தான். சிறகெலும்பு முறிந்தது. அது விடவில்லை. மறுபடி அடித்தான். மண்டை நசுங்கியது. செத்த பிறகும் பிடி தளரவில்லை. இவர் ஏணியில் ஏறி ஒவ்வொரு நகமாகப் பிடுங்கினார். முதல் பருந்து இவர் தலையைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்க எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

மைத்துனனுக்கு இடது கண் போய்விட்டது. பாதி முகம் கட்டு.

"இனிமே நானும் உங்க கட்சிதான் மாமா. ஒத்தக் கண்ணு." கட்டைத் தடவியபடி, "படம் விழுந்துச்சா?"

"ம்."

அத்தனையும் துல்லியமாக விழுந்திருந்தன. கடைசிப் படத்தின் இடது ஓரத்தில் இன்னொரு பருந்தின் சிறகு நுனி.

எட்டாம் நாள் கடையைத் திறந்தார். பூதக்கண்ணாடியைச் செருகினார். இடது கண் மூடிக்கொண்டது. தலைக்காயத்துக்கு வாங்கிய பிளாஸ்திரியைக் கிழித்து, அந்த இமையைத் தூக்கிப் புருவத்தோடு சேர்த்து ஒட்டினார். கண் எரிந்தது. இடுக்கியை எடுத்தார்.