மூச்சு வாங்காத இயந்திரம்

ஷின்செகாய்ச் சந்தில் இருக்கும் ஒகிதாவின் வீடியோ விளையாட்டுக் கடைக்குள் ஒருமுறை நுழைந்தால் போதும், பக்கத்துக் கடையில் குச்சியில் குத்திப் பொரிக்கும் கறியின் வாசனை சட்டையில் ஏறிக்கொள்ளும். துவைத்தால் சட்டை போகுமே தவிர வாசனை போகாது. அந்த வாசனையோடு ஒசாகா நகரத்தில் டிராம் ஓட்டி, அந்த வாசனையோடே ஓய்வும் பெற்றவர் குராமோச்சி. அவர் வருவது தெரிந்து நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குப் பசியெடுக்கும் என்பார்கள்.

கடையின் மூலையில், காசு போட்டு ஆடும் 'இடிப்பறவை' என்ற பழைய விமானச் சண்டை ஆட்ட இயந்திரம் இருந்தது. அதில் குராமோச்சிக்கு நிகர் ஒசாகாவில் கிடையாது. ஜப்பானிலும் கிடையாது. சந்திரனில் ஒருவேளை இருக்கலாம், போய்ப் பார்த்தவர் யாரும் சொல்லவில்லை. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் கோபேயிலிருந்தும் கியோத்தோவிலிருந்தும் பழைய ஆட்டக்காரர்கள் வந்து கூடுவார்கள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு நூறு யென் காசைப் போட்டுக் கடைசிக் கட்டம் வரை பறந்து காட்டுவது குராமோச்சியின் வேலை. மற்றவர்களுக்குக் கோயில் திருவிழா எப்படியோ அவருக்கு அது அப்படி.

அந்த ஆட்டத்தின் ஐந்தாம் கட்டத்தில் தாமரைக் கோட்டை வரும். இதழ் இதழாக விரிந்து குண்டு கக்கும். அத்தனை குண்டுகளுக்கு வானத்தில் இடம் போதாமல் சில குண்டுகள் வெளியே தெருவில் காத்திருந்தன என்று கூடச் சொல்வேன். இயந்திரத்தின் வயிற்றில் இருந்த அந்தக் காலத்து மின்சுற்றுப் போர்டின் சின்ன மூளையால் அவ்வளவையும் ஒரே சமயத்தில் இழுக்க முடியாது. திணறும். திரையில் இருப்பதெல்லாம் தேனில் விழுந்த எறும்பு மாதிரி நகரும். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்று வைத்ததல்ல, இயலாமையால் வந்தது. ஆனால் அந்தத் திணறலில்தான் ஆட்டக்காரன் உயிர் பிழைப்பான். கடையில் அதற்கு 'மூச்சு வாங்குவது' என்று பெயர். அது மூச்சு வாங்குகிற இடைவெளியில் குராமோச்சி குண்டுகளுக்கு நடுவே நுழைந்து, சௌக்கியமா என்று ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டு, அந்தப் பக்கம் வந்துவிடுவார். அந்தக் கட்டம் வரை எட்டுகிறவர் கடையில் அவர் ஒருவர்தான்.

இந்த வருஷம் மழைக்காலத்திலிருந்து அவர் தாமரையில் சாக ஆரம்பித்தார். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, போகும்போதெல்லாம்.

"டேய் ஒகி, மூச்சே வாங்க மாட்டேங்குதுடா இது" என்று முதல் வாரமே கேட்டார்.

ஒகிதா சில்லறை மாற்றுகிற இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அது எப்பவும் போலத்தான்டா வாங்குது. உனக்குத்தான் தெரியல. வயசானா எல்லாமே வேகமா ஓடுற மாதிரி இருக்கும்" என்றார்.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒகிதா சொன்னால் குராமோச்சிக்கு அது வானிலை அறிக்கைக்கு மேல். ஆகவே வயசை ஒரு கை பார்க்கக் கிளம்பினார். விலாங்கு மீன் ஈரல் சாப்பிட்டார். ஒசாகாவின் விலாங்குகளெல்லாம் அவர் தலை தெரிந்தால் சேற்றுக்குள் போய்விடும் அளவுக்குச் சாப்பிட்டார். விரல்களை வெந்நீர் ஊற்றில் ஊறவைத்தார். கடைசியில் கண்ணில் புரை ஆரம்பம் என்று டாக்டர் சொல்ல, "இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்கலாம்" என்ற அதே டாக்டரை விடாமல் நச்சரித்து அறுவை சிகிச்சையே செய்துகொண்டார்.

மனைவி ஃபுமியே தலையில் அடித்துக்கொண்டாள். "என் மூஞ்சியப் பாக்க ஒரு கண்ணாடி மாத்த மாட்டீங்க. தாமரையப் பாக்க மட்டும் கண்ணையே மாத்துவீங்க!"

ஆஸ்பத்திரிக்கு ஒகிதா ஒரு பெட்டி பீச் பழத்தோடு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து தோல் சீவி ஊட்டினார். "ஒத்துக்கடா குரா. கை போறது தப்பில்ல. எல்லாருக்கும் போறதுதான்" என்றார். கட்டுப் போட்ட கண்ணுக்குள் குராமோச்சி அழுதார். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று அழுதார்.

கட்டுப் பிரித்த பிறகும் தாமரை கொன்றது. அதனால் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தச் சனிக்கிழமை ஒரே ஒரு தடவை. தாண்டினால் கூட்டத்தில் ஆடுவது. தாண்டாவிட்டால் தன் கை முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு அந்த இயந்திரத்தின் கைப்பிடியை இனித் தொடுவதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் புயல் மழை. கடையில் ஆளில்லை. சவாரி கிடைக்காமல் டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டு வந்த சயோகோ மட்டும் பக்கத்து ஸ்டூலில் இருந்தாள். நாலாம் கட்டத்தைத் தாண்டாத ஆட்டக்காரி, வாயில் மட்டும் பத்தாம் கட்டம்.

"குராமோச்சி சான், செத்தா கூப்பிடுங்க. நான் டாக்ஸில ஏத்திக்கிறேன், மீட்டர் போட மாட்டேன்."

"நீ ஓட்டுனா செத்தவன் எந்திரிச்சு இறங்கி ஓடிடுவான்மா."

காசு விழுந்தது. அன்றைக்கு அவர் ஆடியதை நான் எப்படிச் சொல்ல? விமானம் திரையைத் தொடாமல் போனது. மூன்றாம் கட்டத்தில் எதிரிகளே வழிவிட்டு ஒதுங்கினார்கள். தாமரை வந்தது. இதழ் விரிந்தது. மூச்சு வாங்கவே இல்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, குண்டு மழைக்குள் ஒரு நூல் இடைவெளியில் புகுந்தார்.

சட்டென்று திரை முழுவதும் நீலமானது.

"ஐயோ!" சயோகோ எழுந்துவிட்டாள். "தாமரைக்குள்ள இப்படி ஒரு கட்டமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

குராமோச்சிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் யாருமே காணாத ரகசியக் கட்டம்! புதுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நீலத்தின் நடுவே வெள்ளை எழுத்து வந்தது.

'புதுப்பித்தல் நடைபெறுகிறது. கணினியை அணைக்க வேண்டாம்.'

"கணினியா?" என்றார். சின்னக் குரலில்தான் கேட்டார். ஆனால் ஒகிதா பின்னறையிலிருந்து ஓடிவந்த வேகத்துக்கு அவருடைய செருப்பு ஒன்று பின்னறையிலேயே நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை மூடினார்.

"துண்ட எடு."

"குரா, சொல்றதக் கேளு..."

"மெஷினோட பின்கதவத் திற."

ஒகிதா திறந்தார். போர்டு இருக்க வேண்டிய இடத்தில், விசிறியும் விளக்குமாக ஒரு கறுப்புப் பெட்டி உறுமிக்கொண்டு இருந்தது.

"மழைக்காலத்துல போர்டு புகைஞ்சு போச்சுடா. அதுக்கு வேண்டிய சிப் இப்ப எங்கயும் இல்ல. வச்சிருக்கறவன் காரு வெல சொல்றான். இது எப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டர் தெரியுமா? பழைய ஆட்டத்த அப்படியே நடிச்சுக் காட்டும். ஒரே நேரத்துல ஆயிரம் இடிப்பறவைய ஓட்டும்டா!"

"அதான் மூச்சு வாங்கல."

"இவ்ளோ பலம் இருக்கறது ஏன்டா மூச்சு வாங்கணும்?"

சயோகோ ஸ்டூலை இரண்டடி பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போர்டு போச்சுன்னா போகட்டும்டா" என்றார் குராமோச்சி. "உன் கடை, உன் பொருள். ஆனா நான் வந்து கேட்டேன்ல? மூச்சு வாங்கலன்னு உன்கிட்டதான கேட்டேன்? எனக்கு வயசாச்சுன்ன. நான் கண்ணக் கிழிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். பக்கத்துல உக்காந்து பழம் ஊட்டுன."

"சொன்னா நீ வரமாட்டன்னு பயந்துட்டேன். நீ வரலன்னா கூட்டத்துக்கு யாரு வருவா? கூட்டம் இல்லன்னா கடை எங்கடா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." ஒகிதா குனிந்து பெட்டியின் மேலிருந்து ஒரு கீபோர்டை இழுத்தார். "இரு, இரு. இத மாத்திடலாம். வேகத்தக் கொறைக்க இதுலயே ஒரு நம்பர் இருக்கு. சொல்லு, எவ்ளோ மெதுவா வேணும் உனக்கு?"

துண்டை விலக்கினால், நீலம் போய் ஆட்டத்தின் முகப்பு திரும்ப வந்திருந்தது. ஒகிதா தானாகவே ஏதோ தட்டினார், தன் காசையே போட்டார். "ஆடிப் பாருடா. ஒரே ஒரு தடவ."

ஆடினார். ஏன் உட்கார்ந்தார் என்று கேட்டால், கை முடிந்துவிட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தாமரை விரிந்தது, திணறியது, எல்லாம் தேனுக்குள் போனது. அவருடைய விமானம் எத்தனையோ வருஷம் நுழைந்த அதே சந்துகளில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. சயோகோ கைதட்டிக் குதித்ததில் கூரையில் ஒதுங்கியிருந்த புறாக்கள் நாரா நகரம் வரைக்கும் பறந்திருக்கும்.

"பாத்தியா! கை அப்படியே இருக்குடா உனக்கு!" என்றார் ஒகிதா.

"கொஞ்சம் கூடுதலா மெதுவாக்கி வச்சியா?"

"இல்லடா. சத்தியமா இல்ல. பழசு எப்படியோ அப்படியேதான்."

குராமோச்சி அந்த முகத்தைப் பார்த்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த முகம், ஆஸ்பத்திரியில் குனிந்து பழம் சீவிய முகம். அன்றைக்கும் இதே மாதிரிதான் கண்ணைப் பார்த்துச் சொன்னது. தாண்டியது தன் கையா, அவன் தட்டிய நம்பரா? கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் அவருக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தான், அவனும் இவன்தான்.

ஆறாம் கட்டம் ஆரம்பித்துவிட்டது. விமானங்கள் மூன்று மிச்சம். உயிர் மிச்சம் இருக்கும்போது இடத்தை விட்டு எழுந்திருப்பது அந்தக் கடையில் யாரும் செய்யாத அவமரியாதை. தீயணைப்பு வண்டி வந்தபோது கூட ஒருவர் ஆடி முடித்துவிட்டுத்தான் வெளியே போனார். குராமோச்சி எழுந்தார்.

"கூட்டத்துக்கு வருவதானே?" ஒகிதா கீபோர்டும் கையுமாகப் பின்னாலேயே வந்தார். "குரா?"

குராமோச்சி குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். முன்பின் தெரியாத கடைக்காரருக்கு வணங்குவது போல, இடுப்பை வளைத்து, அளவாக வணங்கினார்.

"ரொம்ப நன்றிங்க, ஒகிதா சான். உங்க கடையில இத்தன வருஷம் நல்லாப் பொழுது போச்சு."

"என்னடா புதுசா 'சான்' போடுற, 'ங்க' போடுற? டேய், திட்டுடா! அடிக்கவாவது செய்டா!"

குராமோச்சி குடையை விரித்து மழைக்குள் இறங்கினார்.