நிமிர்த்தி வைத்த ஆன்டெனா

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இரைந்து சொல்கிற கதை இல்லை இது. ஒரு வீட்டில் மூத்த மகள் நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

பின்னறையில் அப்பா. இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடல் கடந்து வேலைக்குப் போயிருந்த தம்பி, போனில் முகத்தையாவது காட்டச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தான். அந்த அறைக்கோ செல்போன் சிக்னலும் வராது, வைஃபையும் எட்டாது. படம் உறைந்து நிற்கும், "அக்கா, அக்..." என்று குரல் அறுந்துவிடும். கூடத்துக்குத் தூக்கி வரலாமென்றால் அப்பா தாங்கமாட்டார்.

மூத்தவள் பதறவில்லை. டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ ஓரம் ஒடுங்கிக் கிடந்த ரவுட்டரை எடுத்தாள். அதன் இரண்டு ஆன்டெனாக்களும் பின்னறையைக் குறிபார்த்துப் படுத்திருந்தன.

"யாரும்மா இப்படித் திருப்பினது?"

"நான்தான்டி. அப்பா பக்கமா போகட்டும்னு."

"நல்லா குறி வச்சே போ! டியூப்லைட் முனையிலயா வெளிச்சம் தருது? பக்கவாட்டுலதானே? இதுவும் அப்படித்தான். நிமிர்ந்து நின்னாத்தான் வீடு முழுக்கப் பரவும்."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ கேட்டியா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

நடைவழியில் நாற்காலி போட்டு ஏறி, பரணில் ரவுட்டரை வைத்து, ஆன்டெனாக்களை நிமிர்த்தினாள். இறங்கிப் போய்ப் பின்னறையில் பார்த்தாள். சிக்னல் பாதிதான். "இரு, வரும்" என்று மறுபடி ஏறி, பக்கத்தில் சிக்னலை மறித்துக்கொண்டிருந்த தகரப் பெட்டியை அம்மாவிடம் இறக்கிக் கொடுத்தாள். வந்துவிட்டது.

தம்பியின் முகம் கண்ணாடிபோலத் தெளிந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"மீசை எதுக்குடா? மூஞ்சில இடம் சும்மா கெடந்துச்சா?"

"எடுத்துடறேம்பா."

"இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

அதற்குமேல் அவர் பேசவில்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது. வெயில் சன்னலைவிட்டு இறங்குமுன் நின்றது. அம்மா அவர் கையை விடவில்லை. போனிலும் சத்தமில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று மூத்தவள் உற்றுப் பார்த்தாள். தம்பி இமைத்தான்.

"கட் பண்ணாதக்கா."

"பண்ணலடா."

அப்பாவையும் அம்மாவையும் அவன் பார்க்கும்படி போனைச் சாய்த்து வைத்தாள். பிறகு சார்ஜரைத் தேடி எடுத்து வந்து மாட்டினாள்.

உங்கள் வீட்டிலும், செல்லங்களே, பிள்ளைகள் கூப்பிடும் குரல் கடைசி அறைவரைக்கும் எட்டட்டும். நன்றாக இருங்கள்.