அக்காவின் நாளைய எபிசோட்

இஸ்திரி அறையின் கதவை அக்கா கழற்றிய அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு குறையும் இல்லாத கதவு அது. காலையில் நான் கடைக்குள் நுழைந்தபோது அது சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் அக்கா திருப்புளியும் கையுமாக, ஏதோ சாதித்துவிட்டவள் போல நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா இது?"

"முதலாளிக்கும் வேலை செய்யறவங்களுக்கும் நடுவுல கதவு இருக்கக் கூடாது."

"நீ முன்னாடி கவுன்ட்டர்ல இருக்கே. அங்க கதவே கிடையாது. இது இஸ்திரி அண்ணனோட கதவு."

"இருக்கிற கதவைத்தானே கழட்ட முடியும்?" என்றாள்.

இஸ்திரி அண்ணன் பத்து வருடமாக எங்களிடம் துணி தேய்க்கிறவர். மதியத்துக்குள் அந்த அறையின் நீராவியெல்லாம் முன்பக்கம் வந்து, காகிதம் சுற்றி அடுக்கியிருந்த சட்டைகள் நமத்துப் போயின. அத்தனையையும் மறுபடி தேய்த்தவரும் அவரே.

எங்களுடையது சலவைக் கடை. எங்களுடையது என்று பேச்சுக்குச் சொல்கிறேன், கடை அக்கா பெயரில் இருக்கிறது. தங்கையான எனக்கு இருப்பது பின்பக்கம் ஒரு மேஜை. மை, காபி, எண்ணெய், ரத்தம் என்று எந்தக் கறை வந்தாலும் அந்த மேஜைக்குத்தான் வரும். பதினான்கு வருடமாக அதுதான் வேலை, வேறொன்றும் எனக்குத் தெரியாது. அக்கா நாளைக்கே போ என்றால் போக வேண்டியதுதான். அப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கதவுக்குக் காரணம் ஒரு சீரியல். வாடகை அறையில் சோப்புக் காய்ச்சத் தொடங்கிய ஒருத்தி பெரிய நிறுவனத்துக்கு முதலாளியாகும் கதை. அக்கா தினமும் மாலையில் அதை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்க்கிறாள். அதில் ஒரு கிறுக்கு ஒரு கதவைக் கழற்றினால், மறுநாள் காலையில் எங்கள் கடையிலும் ஒரு கதவு கழலும்.

போனில் தேடியபோது ஒன்று தெரிந்தது. டிவியில் நாளைக்கு வரும் எபிசோட் செயலியில் இன்று மதியமே வந்துவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் டிரையர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சோப்புக்காரி கூட்டம் நடக்கும் அறையிலிருந்து நாற்காலிகளை எல்லாம் வெளியேற்றினாள். நின்றுகொண்டே பேசினால் வெட்டிப் பேச்சு குறையுமாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா நாளை மறுநாள் என்ன செய்வாள் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அக்கா நாற்காலிகளை மாடிக்கு ஏற்றிய காலையில், வெளியே நிழலில் நான் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருந்தேன். துணி வாங்க வந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

"நான் நாற்காலியை எடுக்கப்போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தோணுச்சு" என்றேன்.

அந்த ஒரு பொய்யோடு விட்டிருக்கலாம். ருசி கண்டுவிட்டேன். சோப்புக்காரி போட்டிக் கடைக்கு வாடிக்கையாளர் போலப் போனாள். நாமும் போய்ப் பார்க்கலாம் என்று அக்கா சொல்ல வாயெடுத்தபோது, அடுத்த தெரு லாண்டரியில் நான் போட்ட என் சட்டை திரும்பியே வந்துவிட்டிருந்தது. சோப்புக்காரி குறைகளைப் பெயர் போடாமல் எழுதிப் போடச் சொன்னாள். அக்கா பெட்டி வைப்பதற்கு முன்பே நான் சீட்டு வெட்டி வைத்தேன். கடையில் வேலை செய்வது இரண்டே பேர். ஒரு சீட்டில் "குறை ஒன்றுமில்லை" என்று நான் எழுதினேன். இன்னொன்றில் "கதவு" என்று மட்டும் இருந்தது. யார் எழுதியிருப்பார்கள் என்று அக்கா ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த எபிசோட் வந்தது.

சோப்புக்காரிக்கும் ஒரு தங்கை உண்டு, முதல் நாளிலிருந்து கூட இருந்து சோப்புக் காய்ச்சியவள். சோப்புக்காரி அவளை எதிரில் உட்கார வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள். "நாளைலேருந்து நீ வர வேண்டாம்" என்றாள். பின்னணியில் வயலின் வேறு.

அக்கா இதை நாளை மாலை பார்ப்பாள், மறுநாள் செய்வாள். அந்த இரண்டு நாளும் கறைகளை எப்படி எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கினேன்.

அந்த மறுநாள் மாலை, கடை சாத்தும் நேரத்தில் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். மாடியிலிருந்து இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்தாள். "உக்காரு, பேசணும்" என்று ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று நான் அழுதுகொண்டே பொரிந்து தள்ளினேன். "பதினாலு வருஷம். கை வெடிச்சு ரத்தம் வந்தப்பக்கூட லீவு கேட்டதில்ல. கூடப் பொறந்தவளை அனுப்பறதுக்கு ஒரு டம்ளர் தண்ணி போதுமாக்கா?"

நான் முடித்ததும் அக்கா நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சீரியல்ல அவ தங்கச்சியை அனுப்பினது எனக்குப் பிடிக்கவே இல்ல" என்றாள். "ராத்திரி பூரா அதையே யோசிச்சேன். நாளைலேருந்து கறை மேஜைக்கு நீ வேண்டாம். அதை எனக்குக் கத்துக்குடு. நீ கவுன்ட்டருக்கு வா, கடையை நடத்து. நான் பாத்துப் பாத்து எழுதிக்கறதெல்லாம் உனக்குத் தானா வருது. நான் சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சு வச்சிருக்கே."

அழுகை பாதியில் நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கடை என் கையில். இவ்வளவு சுலபமாக எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அக்கா என்னை அப்படி நம்பிப் பார்த்தாள், என்னால் தாங்க முடியவில்லை.

"தானா வரலக்கா. அந்த சீரியல் போன்ல ஒரு நாள் முன்னாடியே வந்துடும். தினமும் திருட்டுத்தனமா பாத்தேன்."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ அந்தத் தங்கச்சி என்ன ஆனா?"

"தெரியல. பயத்துல அதுக்கப்புறம் பாக்கவே இல்ல."

"சோப்புக்காரி நாற்காலியை எடுத்தாளே, வெளிய பெஞ்சு போட்டாளா?"

"இல்ல. எடுத்தா, அவ்வளவுதான்."

"பெஞ்சு யாருக்குத் தோணுச்சு?"

அதை நானே அதுவரை யோசித்துப் பார்க்கவில்லை.

அக்கா நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தாள். "சீரியலை விடு. நாளைக்கு என்ன செய்யணும்னு உனக்குத் தோணுது?"

பதினான்கு வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அந்தத் தண்ணீரை எடுத்து முழுதும் குடித்தேன்.

"திருப்புளியை எங்க வச்சே?" என்றேன்.

அக்கா பதில் சொல்வதற்குள், கதவில்லாத அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இஸ்திரி அண்ணன் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.