பன்னிரண்டு மணி நேர டயாப்பர்

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் மைதீன் வீட்டுக்கு, 1998 சித்திரையில் குவைத்திலிருந்து இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. மகன் அஸார் அனுப்பியவை. அவனோடு வேலை பார்த்து, விடுமுறையில் ஊர் திரும்பிய மீரா உசேன், தன் சாமான்களில் பாதியை விட்டுவிட்டு அவற்றைத் தூக்கி வந்திருந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்க டயாப்பர். பேரன் ஹாரிஸுக்கு அப்போது ஐந்து மாதம்.

அதுவரை ஹாரிஸ், துவைத்துக் காயப்போட்ட பழைய கைலித் துணிகளை நிம்மதியாக நனைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் முதல் வெளிநாட்டுப் பிள்ளை ஆனான். காதர் மைதீன் பெட்டிகளைக் கூடத்தில், விருந்தாளிகள் உட்காரும் சோபாவுக்கு நேர் எதிரே வைத்தார். யார் வந்தாலும் பேரனைத் தூக்கிக் காட்டினார்.

"பொட்டு ஈரம் இருக்கா? தொட்டுப் பாருங்க, சும்மா தொட்டுப் பாருங்க."

வந்தவர்கள் மரியாதைக்காகத் தொட்டுப் பார்த்தார்கள்.

உறையில் பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. காதர் மைதீன் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். மருமகள் சாஜிதா மூன்று மணி நேரத்தில் மாற்றப் போனபோது தடுத்தார்.

"ஏம்மா, இன்னும் ஒம்பது மணி நேரம் கெடக்கே?"

"நனைஞ்சு கனத்துப் போச்சு மாமா."

"கனக்கட்டும். கம்பெனிக்காரன் தெரியாமயா எழுதியிருக்கான்?"

அந்த வாரம் பகலெல்லாம் கரண்ட் இல்லை. நான்காம் நாள் பிள்ளையின் தொடை இடுக்கும் பின்புறமும் செக்கச்செவேலென்று சிவந்துவிட்டன. தண்ணீர் பட்டாலே வீறிட்டு அழுதான்.

வெள்ளிக்கிழமை அஸார் போனில் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய், அறையில் தன்னோடு தங்கியிருந்த ஏழு பேரிடமும் யோசனை கேட்டான். அவர்களில் ஐந்து பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்: இரண்டாவது பெட்டியின் அடியில் வாசனை ஈரத்தாளும் பவுடரும் இருக்கின்றன, தாளால் அழுத்தித் துடைத்து, பவுடரை நிறையக் கொட்ட வேண்டும்.

அப்படியே செய்தார்கள். பவுடர் வேர்வையில் குழைந்து மாவாக மடிப்புகளில் ஒட்டிக்கொண்டது. ஈரத்தாள் பட்ட இடம் இன்னும் எரிந்தது. பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை.

"மச்சான், நீங்க இருக்கிறது ஏசி ரூமு. இங்க காத்தாடியே ஓடல," என்றாள் சாஜிதா அடுத்த போனில்.

"ஏசி மொதலாளிக்குப்பா. நான் வெளியில பைப்பு எறக்குறேன். எனக்கே ஒடம்பெல்லாம் வேர்க்குரு," என்றான். பிறகு, தகப்பனாரை நினைத்து, "அத்தாகிட்ட சொல்லாத," என்றான்.

மறுநாள் காலையில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடிக்குக் கிளம்பினாள். குவைத்துக்காரன் பிள்ளை பஸ்ஸில் போகலாமா என்று காதர் மைதீன் வாடகைக் கார் பிடித்துக் கூடவே வந்தார்.

குழந்தை மருத்துவர் ஃபிளோரா டயாப்பரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் நேரம் இருக்குங்க," என்றார் காதர் மைதீன்.

மருத்துவர் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சாஜிதாவிடம் சொன்னார். "வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. தேய்க்காதீங்க, மெத்துன்னு ஒத்தி எடுங்க. வாசனைத் தாளு, பவுடரு எதுவும் வேண்டாம். நல்லாக் காஞ்சதும் தேங்கா எண்ணெ லேசாத் தடவுங்க. நாள்ல முக்காவாசி நேரம் பருத்தித் துணி மேல சும்மா படுக்கட்டும். வெளிய போறப்ப மட்டும் டயாப்பர் கட்டுங்க, நனைஞ்ச ஒடனே மாத்துங்க. மூணு நாள்ல கொறையலைன்னாலோ சீழ் கட்டினாலோ திரும்ப வாங்க."

"மருந்து?" என்றார் காதர் மைதீன். காரில் வந்தவருக்கு இது போதவில்லை. "சீட்டுல ஏதாச்சும் எழுதுங்க டாக்டர்."

ஃபிளோரா எழுதிக் கொடுத்தார். கீழே இருந்த மருந்துக்கடைக்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார். 'காற்று. தினம் மூன்று வேளை. வேளைக்கு ஆறு மணி நேரம்.'

"இது ஸ்டாக் இல்லீங்க," என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். காதர் மைதீன் உள்ளே ஓடி வந்தார். "பத்தே நிமிசம். கட்டிக் கொண்டாம்மா."

"மாட்டேன் மாமா. வந்தவங்க போயிடுவாங்க. புண்ணு போவாது."

அவள் அப்படி எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. பேசிய கையோடு பிள்ளையை வெறும் உடம்போடு தூக்கி வந்து, கூடத்து நடுவில் பருத்தித் துணியில் போட்டாள். கமிட்டித் தலைவர் ஆசையாக அள்ளி எடுத்தார். அடுத்த நொடி அவருடைய வெள்ளைச் சட்டை நனைந்தது.

"என்ன காதர் பாய், குவைத்துச் சாமானு தீந்து போச்சா?" என்று சிரித்தார் தலைவர்.

காதர் மைதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் பழசுங்க. இப்ப குவைத்துல பெரிய டாக்டருங்களே இதத்தான் சொல்றாங்க. ஏர் தெரபின்னு பேரு."

வார முடிவுக்குள் தெருவில் மூன்று வெளிநாட்டுக்காரர் வீடுகளில் பிள்ளைகள் காற்றாடப் படுத்திருந்தார்கள். ஜவுளிக்கடையில் மல் என்ற மெல்லிய பருத்தித் துணிக்கு 'தெரபி துணி' என்று பெயர் வந்தது.

டாக்டரைப் பார்த்த மூன்றாம் நாளே ஹாரிஸின் சிவப்பு வெளிறி, ஏழாம் நாள் சுவடில்லாமல் போனது. மத்தியானம் முழுக்க அவன் தூங்க, பக்கத்திலேயே சாஜிதாவும் தூங்கினாள். கடையிலிருந்து சாப்பிட வந்த காதர் மைதீன், சத்தம் வராதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து போனார். அவளிடம் மட்டும் அவர் தெரபியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.