கருநீலப் பூச்சு

...புதுக் கத்தி சத்தம் போடாதது நல்லதுதான் என்று அதை விற்ற அந்த பிரிஸ்பேன் ஆள் சொல்லிவிட்டுப் போனானே, சூடேறாது, பஞ்சு ஒட்டாது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டாம், எல்லாம் கத்திமேல் ஏற்றியிருக்கிற இந்தக் கருநீலப் பூச்சின் மகிமை... ஆனாலும் அபிசாய்க்கு அது பிடிக்கவில்லை. மெத்தைக்கான நுரைப்பஞ்சுக் கட்டை ஆள் உயரத்துக்கு வெள்ளைவெளேரென்று மேசைமேல் நகர்ந்து போகிறது, பட்டைக் கத்தி அதன் வயிற்றுக்குள் நுழைகிறது, போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. பழைய கத்தி அப்படியா? நுழையும்போது ஒரு கீச்சு, பாதியில் ஒரு முனகல், மழுங்கப் போகிறது என்றால் முந்தின நாளே குரல் கம்மிவிடும், அந்தக் குரலைக் கேட்டுத்தானே இத்தனை வருஷமும் வேலை பார்த்தான். இன்றைக்குக் கூரைத் தகரத்தில் விழும் சுவா நகரத்து மழை மட்டும்தான் கேட்கிறது. வெட்டுப்பட்ட கட்டைக்கே தான் வெட்டுப்பட்டது தெரியாது போல, இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு முழுசாக நிற்கிறது, கை வைத்துத் தள்ளினால்தான்... தள்ளினான். மேல்பாதி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. மேசைக்குக் கீழே, நேற்று வெட்டி அடுக்கிய பஞ்சுத் தகடுகளின் ஓரத்தில், ஒரு சிவப்புப் பொட்டு.

வெற்றிலை போடுகிறவர் யாருமில்லை இங்கே. குனிந்து தொட்டான், ஈரம். உடனே கையுறைகளைக் கழற்றி விரல்களைப் பார்த்தான், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கீறல்கூட இல்லை, அப்பாடா, அப்படியென்றால் டிமோதிதான். அத்தை மகன், வாய் ஓயாதவன், வலித்தாலும் சிரிக்கிறவன். "மச்சான், கையக் காட்டு" என்றான். டிமோதி இரண்டு கையையும் விரித்து நீட்டி, "என்ன, மோதிரம் போடப் போறியா? உங்க வீட்டுப் பொண்ணுங்கள ஏற்கெனவே பார்த்துட்டேன், வேணாம் சாமி" என்றான். சுத்தமான கைகள். கட்டுகட்டுகிற இரண்டு பெண்களும் காட்டினார்கள், சிரித்துக்கொண்டே, அவர்களுக்கும் ஒன்றுமில்லை. பிறகு யாருடையது? சொட்டு ஒன்றல்ல, இதோ கத்திச் சக்கரத்தின் பக்கத்தில் இன்னொன்று, தண்ணீர்க் குழாய் அடியில் இரண்டு, எல்லாமே அவன் காலையிலிருந்து போய் வந்த இடங்கள்... யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி. சட்டென்று திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. இப்போது நின்ற இடத்தை விட்டு நகர்ந்தான், நகர்ந்த இடத்திலும் ஒன்று.

இந்தக் கத்திதான், வந்த நேரமே சரியில்லை. காலையில் பெட்டியைத் திறந்து, கத்தியைச் சுருட்டிக் கட்டியிருந்த கம்பியை நறுக்கியதும் அது கையில் நிற்கவில்லை, பழைய கத்தியானால் துருவும் பிசினுமாகக் கொஞ்சமாவது பிடி கொடுக்கும், இது எண்ணெய் தடவிய கடல்பாம்பு மாதிரி வழுக்கி, விரிந்து, துள்ளி, தரையில் அவன் காலைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அடங்கியது. "ஆடு மச்சான், உனக்கும் ஜோடி வந்துடுச்சு" என்று டிமோதி கைதட்டினான். எல்லாரும் சிரித்தார்கள், அபிசாயும் சிரித்தான், மேலே படவில்லையே. பட்டிருந்தால் தெரியாதா? வெட்டுப்பட்டவனுக்குத் தெரியாமல் போகுமா... வெட்டு என்றால் அண்ணன் நெத்தானிதான் ஞாபகத்துக்கு வருகிறான், சர்க்கரை முற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், எடுத்த பிறகும் இல்லாத கால் அரிக்கிறது என்று ராத்திரி போர்வையைச் சொறிவான். பரிசோதனைக்குப் போ, போ என்று லித்தியா ஒரு வருஷமாக நச்சரிக்கிறாள், கட்டிய புருஷனுக்கு நோய் வந்தே ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிற பெண்டாட்டி இவள் ஒருத்திதான். அண்ணனுக்கு வந்தால் எனக்கும் வரணுமா? மரவள்ளிக்கிழங்கும் இனிப்புத் தேநீருமாக ஊரே இருக்கிறது, எல்லாருக்குமா போகிறது கால்? போன வாரம் அடுப்பிலிருந்து விழுந்த நெருப்புக் கங்கை அபிசாய் மிதித்துக்கொண்டு நின்றானாம், லித்தியாதான் அலறிப் பிடித்து இழுத்தாள். தோல் தடிப்பு, வெறுங்காலோடு வளர்ந்தவன், அவ்வளவுதான் என்றான். அவ்வளவுதானே?

மெஷின் நின்றது. மேற்பார்வைக்கு இருக்கிற மேரே பொத்தானை அமுக்கிவிட்டு அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அசையாதீங்க. உக்காருங்க, அப்படியே உக்காருங்க." எதற்கு என்று கேட்பதற்குள் டிமோதி அவனைப் பஞ்சுத் தகடுகள்மேல் உட்காரவைத்து, மழைக்காக மாட்டி வந்த இடது ரப்பர் கம்பூட்ஸைப் பிடித்து இழுத்தான். கணுக்காலுக்குக் கீழே ரப்பரில் கோடு போட்ட மாதிரி ஒரு பிளவு, பிசிறே இல்லை. பூட்ஸைக் கவிழ்த்ததும் சிவப்பாகக் கொட்டியது, இவ்வளவா, இவ்வளவும் நானா... பாதத்தின் ஓரம் வாய் பிளந்து கிடந்தது, சந்தையில் வைத்திருக்கிற மீனைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தான். ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டாள். மேரே துணியை வைத்து அழுத்தினாள், "ரொம்ப வலிக்குதா மாமா?" என்றாள். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். "வலிக்குது" என்றான். அதைக் கேட்டதும் அவர்களுக்கு ஒரு நிம்மதி, மூச்சு விட்டார்கள், வேன் கொண்டுவரச் சொல்லி ஓடினாள் ஒருத்தி.

டிமோதிக்கு மட்டும் அந்த நிம்மதி இல்லை. பெருவிரலை அமுக்கினான். "இங்க தெரியுதா?" தெரிகிறதே, உன் கட்டைவிரல் அங்கேதானே இருக்கிறது, நகம் வெளுக்கிற அளவுக்கு அமுக்குகிறாயே. "தெரியுது." குதிகாலை அமுக்கினான். "இங்க?" "தெரியுதுடா, விடு." டிமோதி ஒரு கையை எடுத்து அவன் கண்களைப் பொத்தினான், சின்ன வயதில் ஆற்றங்கரையில் விளையாடினது போல. "இப்ப சொல்லு மச்சான், எங்க அமுக்குறேன்?" உள்ளங்கையில் ரப்பர் நாற்றமும் ரத்த நாற்றமும். இருட்டு. அபிசாய் காத்திருந்தான், வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம், விரலா, குதிகாலா, மழை பெய்கிறது, யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள், மேரேயாகத்தான் இருக்கும், ஏன் அழுகிறாள், இவன் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான்...

"அமுக்கேன் மச்சான்" என்றான்.

கண்ணைப் பொத்திய கை விலகியது, டிமோதியின் இன்னொரு கையின் கட்டைவிரல் குதிகாலில் நகம் வெளுக்க அழுந்தியிருந்தது.