அம்பு மார்க் டயர்

மலாயாவில், குருண் ஊரின் பெரிய ரோட்டில் டயர் கடை வைத்திருந்த பக்கிரிசாமிக்குக் குழந்தைவேலு பதினைந்து வருஷப் பழக்கம். குருணுக்கும் பக்கத்து ஊரான யானுக்கும் இடையே வாடகைக் காடி, அதாவது கார், ஓட்டுபவன். ஜப்பான்காரர்கள் வந்தபின் பெட்ரோல் கிடைக்கவில்லை. காடியின் பின்னால் கரியடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

1943 கடைசியில் கடையில் மிஞ்சியது இரண்டு ஜோடி டயர்தான். அளவு ஒன்று, குணம் வேறு. யானை மார்க் கெட்டியான ரப்பர். பாரம் தாங்கும், அன்றாட ஓட்டத்துக்கு இரண்டு வருஷம் உழைக்கும். ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பினால் வழுக்கும். அம்பு மார்க், போருக்கு முன்பு ஒரு தோட்டத்துத் துரை பந்தயம் ஓட்டத் தருவித்தது. மிருதுவான ரப்பர். எந்த வேகத்திலும் ரோட்டைக் கவ்விக்கொள்ளும். சீக்கிரம் தேய்ந்துவிடும், பாரம் ஏற்றினால் சூடேறி வெடிக்கும். யானை மார்க்கைக் குழந்தைவேலுவுக்குத்தான் என்று பக்கிரிசாமி சொல்லி வைத்திருந்தார்.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி ஒருவன், ஒரு துரையிடமிருந்து பறிமுதல் செய்த காடியில் வந்து இறங்கினான். வேகமாக ஓட்ட எது நல்லது என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் கேட்டான். அம்பு மார்க் என்பதுதான் சரியான பதில். ஆனால் மூன்று மாதத்தில் அது தேய்ந்து, அவன் திரும்பி வந்து நின்றால்? போலீஸ் நிலையத்துக்குப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்பதைப் பக்கிரிசாமி பார்த்திருந்தார். யானை மார்க்கைக் காட்டினார்.

மறுவாரம் குழந்தைவேலு வந்தான். யானை மார்க் போய்விட்டது என்று மட்டும் சொல்லி, அம்பு மார்க்கை மாட்டினார்.

"இது தாங்குமா அண்ணே?"

"துரைக்குன்னு சீமையிலேருந்து வந்தது லா. நல்ல டயர்."

சொன்னதில் பொய் இல்லை. இரண்டு பேருக்கு மேல் ஏற்றாதே என்று எச்சரிக்க வாயெடுத்தார். எச்சரித்தால் மற்றதை யாருக்கு, ஏன் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டிவரும். பேசாமல் இருந்துவிட்டார்.

பதினோராம் நாள் மத்தியானம், நான்கு பேரும் மீன் கூடைகளுமாக யானிலிருந்து வரும்போது முன் டயர் வெடித்துக் காடி வாய்க்காலில் கவிழ்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். குழந்தைவேலுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனபோது, பாரம் ஏற்றியது தன் தப்பு என்று அவன் அழுதான். பக்கிரிசாமி தலையாட்டினார். அதன்பின் தினமும் மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோனார். குழந்தைவேலுவின் மனைவி பிரேமாவதி கும்பிட்டு வாங்கிக்கொள்வாள். அந்தக் கும்பிடுதான் அவரைத் தூங்கவிடவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஒருநாள் காலையில் அவன் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

குழந்தைவேலு போர்வையை வெட்டுப்பட்ட காலின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு கேட்டான்:

"யானை மார்க்குதான் வேணும்னு அவன் கேட்டானா?"

"கேக்கல. நானாத்தான் எடுத்துக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு பேரோட நிறுத்தியிருப்பேனே, அண்ணே."

பக்கிரிசாமி எழுந்தார்.

"கிழங்க வச்சுட்டுப் போங்க. புள்ளைங்க இருக்கு. நாளையிலேருந்து வேற யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க."

மறுநாளிலிருந்து அவர் மனைவி செல்லாயி கூடையை எடுத்துப் போனாள். பக்கிரிசாமி முச்சந்தி வரை உடன் வந்து, அவள் திரும்பும்வரை அங்கேயே நிற்பார். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். தன்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று ஒருநாளும் கேட்டதில்லை.