பதினோரு ஸ்க்ரூ

எனக்கு முன்னாலேயே இந்த வீட்டுக்கு வந்தவள் என்பதால் அந்த லேப்டாப்புக்கு நான் வைத்த பெயர் மூத்தவள். என் கணவர் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்பு வாங்கியது. தடித்த கறுப்பு உடம்பு, தூக்கினால் தோள் வலிக்கும், சார்ஜரைப் பிடுங்கினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அவர் அதை மெல்லிய துணியால் துடைக்கிற பதவிசைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் செருப்பு வார் அறுந்தால் தைத்துக்கொண்டு வர மூன்று வாரம், மூத்தவள் தும்மினால் அன்றைக்கே வைத்தியம்.

ஆனால் எட்டு மாதமாக எனக்குச் சோறு போடுவதும் அவள்தான் என்பதை மறைக்கக் கூடாது. வீட்டின் முன்னறையில் என் எம்ப்ராய்டரி மிஷின் இருக்கிறது. தையல் ஆலையில் வேலையை விட்டபோது, மூடிப்போன ஒரு கடையிலிருந்து மலிவாக வாங்கியது. அணைத்தால் டிசைன் அத்தனையும் மறந்துவிடும். தினமும் காலையில் மூத்தவள்தான் ஒன்பது ஊசி உள்ள பழைய கேபிள் வழியாக அதற்கு ஊட்டிவிட வேண்டும். புது லேப்டாப் எதிலும் அந்தக் கேபிளுக்கு இடம் கிடையாது. மாற்று ஒயர்கள் இரண்டு வாங்கிப் பார்த்தோம், மிஷின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரம் ஒரு மருத்துவமனையின் புது நர்ஸுகளுக்காக இருநூற்று நாற்பது வெள்ளைக் கோட்டு வந்திருந்தன. ஒவ்வொரு கோட்டின் மேல்பையிலும் மருத்துவமனையின் சின்னம் தைக்க வேண்டும். சனிக்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். என் முதல் பெரிய ஆர்டர். நான் ஆலையை விட்டுக் கிளம்பியபோது எங்கள் சூப்பர்வைசர், "ரெண்டு மாசம் பாத்துட்டு வா, உன் மிஷினை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்தே எழுபது கோட்டு முடித்திருந்தேன்.

புதன்கிழமை காலை மூத்தவள் உள்ளுக்குள் கிர்க் கிர்க் என்று பல்லைக் கடித்துவிட்டு அப்படியே உறைந்துபோனாள். மூன்று தடவை அணைத்துப் போட்டேன். பலனில்லை.

அவர் முகத்தில் ஒரு பிரகாசம். அவருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை, வார விடுமுறை அன்றைக்கு. "நான்தான் போன மாசமே சொன்னேனே, ஹார்ட் டிஸ்க் போகப்போகுதுன்னு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல வெச்சுப் புது டிஸ்க்ல அப்படியே காப்பி எடுத்து வெச்சுட்டேன். மாத்தறதுக்கு நீதான் தொட விடலை."

"டிஸ்க்கை மட்டும் மாத்துங்க. வேற எதையும் நோண்டாதீங்க."

"திறக்கிறதுதான் திறக்கிறோம்," என்றார்.

ரிப்பேர் செய்கிற ஆண்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. டிஸ்க் மாற்ற ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் போதும். ஆனால் திறக்கிறதுதான் திறக்கிறோமே, ரேமையும் கூட்டலாம். அப்படியே ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டி, சூட்டைத் தணிக்கிற, காய்ந்துபோன பேஸ்டை மாற்றலாம். அதற்கு அடிப்பாகம் முழுவதையும் கழற்ற வேண்டும். பதினோரு ஸ்க்ரூ. அவற்றைப் போடத்தான் அவரிடம் மூடி வைத்த முட்டை அட்டை ஒன்று உண்டு. குழிக்குக் குழி மார்க்கரில் நம்பர் எழுதியது. எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த நம்பர் குழியில் அந்த ஸ்க்ரூ.

பதினோரு மணிக்கு எல்லாம் கழன்று, தூசி தட்டி, புது டிஸ்க்கும் ரேமும் ஏறின. அப்போது போன் வந்தது. எங்கோ இரண்டு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம், டியூட்டி ஆள் போய்ச் சேர நேரமாகுமாம். "மேசைப் பக்கம் போகாதே," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் கோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். தொங்கிய ஒரு கோட்டின் கை அட்டையை வாரிக்கொண்டு போனது. அவ்வளவுதான். பதினோரு ஸ்க்ரூவும் தரையில்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு ஊசி பொறுக்குகிற காந்தம் நினைவுக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு நாற்காலிக்கடியிலும் அலமாரிக்கடியிலும் தவழ்ந்தேன். பதினொன்றும் கிடைத்தன! எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி கறுப்புப் பொடிசுகள். குழிக்கு ஒன்றாகப் போட்டு அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர் திரும்பி வந்தபோது மூச்சு விடவில்லை.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினார். மூடினார். பட்டனை அழுத்தினார்.

பச்சை விளக்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டி அணைந்தது. மறுபடி அழுத்தினார். அதே சிமிட்டல். சின்ன மூடிகளைத் திறந்து பழைய டிஸ்க்கைப் போட்டார், பழைய ரேமைப் போட்டார், வேறு பிளக்கில் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் தெரிந்த ரிப்பேர்காரருக்குப் போன் போட்டு அறிகுறிகளைச் சொன்னார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "போர்டு போயிருக்கும் சார். இந்த மாடலுக்குப் போர்டெல்லாம் இப்ப எங்க கிடைக்குது? தூக்கிப் போட்டுருங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "என் கையில ஸ்டாட்டிக் கரண்ட் இருந்திருக்கும்," என்றார். "ஃபேனைத் துடைக்கிறப்போ போர்டுல பாஞ்சிருக்கும். நீ தொடாதேன்னுதான் சொன்னே. பத்து மாடி லிஃப்டையே ரிப்பேர் பண்றேன்கிற திமிர்."

ஸ்க்ரூ கொட்டியதற்கும் போர்டு போனதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே வக்கீல் ஆனேன். எல்லா ஓட்டையிலும்தான் ஸ்க்ரூ இருக்கிறதே, கொட்டினது போர்டு இல்லையே. இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் திட்டுவார், அவ்வளவுதான் மிச்சம். வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சாப்பிடாமல் எழுந்து போனபோது எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் யூனிஃபார்மைப் போடவில்லை. இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் மட்டும் வெளியே வருகிற சட்டை அது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. அரை நாள் லீவு சொல்லிட்டேன். நீ வர வேணாம். தப்பு என்னோடதுன்னு நானே சொல்லிடறேன். அவ வேலைல ஒரு குறையும் இல்லை, நான்தான் கெடுத்தேன், அடுத்த ஆர்டர் அவளுக்கே குடுங்கன்னு கேட்டுப் பாக்கறேன்."

பட்டனைத் தப்பான ஓட்டையில் போட்டிருந்தார். கிட்டப் போய் அவிழ்த்துச் சரியாகப் போட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"போகாதீங்க," என்றேன். "நேத்து நீங்க போனப்புறம் அட்டையைக் கொட்டிட்டேன். எல்லா ஸ்க்ரூவும் கீழ விழுந்துச்சு. பொறுக்கி வெச்சுட்டேன். எது எந்தக் குழின்னு பாக்கலை. உங்ககிட்ட சொல்லலை."

வரப்போகிற இடிக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எல்லாமா?"

"ம்."

"பதினொண்ணுமா?"

"ஆமாங்க. திட்டுறதுன்னா திட்டிடுங்க."

"அடிப்பாவி!" என்று கத்தினார். நிமிர்ந்து பார்த்தால் முகமெல்லாம் பல். "இதை நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன! எல்லாம் ஒரே சைஸ்னா நினைச்சே? மூணு சைஸ்டி அது!"

நீலச் சட்டையோடு தரையிலேயே உட்கார்ந்து மூத்தவளைக் கவிழ்த்துப் போட்டார். ஸ்க்ரூக்களைக் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது: ஒன்று அரிசி அளவு, இன்னொன்று அதில் இரண்டு பங்கு. ஒன்பதாம் ஓட்டைக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"இது போறப்போ டைட்டா இருந்துச்சு," என்றார், தணிந்த குரலில். "ஓட்டைல தூசின்னு நினைச்சு ஒரு சுத்து பலமாத் திருகினேன்."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? அதுதான் போர்டை உடைச்சிருச்சோன்னு பயம்."

குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய இடத்தில் நெட்டை ஸ்க்ரூ. அடிப்பாகத்தைத் தூக்கி டார்ச் அடித்தார். ஸ்க்ரூவின் நுனி போர்டை முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் சின்னக் கீறல். பச்சைப் பூச்சு கொஞ்சம் உரிந்திருந்தது, உள்ளே கோடு எதுவும் அறுபடவில்லை. "முட்டினதுல ஷார்ட் ஆகியிருக்கு. அதான் பயந்து அணைஞ்சுக்குது. எனக்குத் தெரிஞ்சு அவ்வளவுதான்," என்றார். கடைசி வார்த்தையில் உறுதி இல்லை.

ஒரு ஸ்க்ரூவும் இல்லாமல் திறந்தபடியே சார்ஜரைச் சொருகினார். "நீ அழுத்து," என்றார்.

"நீங்க அழுத்துங்க."

"எனக்குக் கை வரலை. நீயே அழுத்து."

அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. நான் அது அணையக் காத்திருந்தேன். அணையவில்லை. ஃபேன் பெருமூச்சு விட்டுச் சுற்ற ஆரம்பித்தது, திரையில் வெளிச்சம் வந்தது, பழைய எம்ப்ராய்டரி மென்பொருள் புது டிஸ்க்கிலிருந்து கண்மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார், ஃபேன் தூசி என்றார்.

ஒன்பதரைக்கு மிஷினில் டிசைன் ஏறியது. மூத்தவள் கண் விழித்து மென்பொருளைத் திறக்க முன்பு ஆறு நிமிடம் ஆகும், இப்போது ஒன்றரை நிமிடம். அவர் அரை நாள் லீவை முழு நாளாக்கினார். நான் தைக்கத் தைக்க நீலச் சட்டையோடு உட்கார்ந்து நூல் வெட்டினார், மடித்தார், நடுநடுவே மூத்தவள் சுடுகிறாளா என்று தொட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருநூற்று நாற்பதாவது கோட்டை மிஷினின் எம்ப்ராய்டரி வளையத்திலிருந்து கழற்றினேன்.

சனிக்கிழமை மருத்துவமனையில் கோட்டு வாங்கிய தலைமை நர்ஸ் ஒன்றை விரித்து, சின்னத்தை விரலால் தடவி, "அடுத்த மாசம் லேப் ஆளுங்களுக்கும் வேணும்," என்றார். நான் வேலையை விட்ட ஆலையின் வாசல் வழியாகத்தான் பஸ் திரும்பி வந்தது. நான் ஜன்னல் பக்கமே உட்கார்ந்து வந்தேன்.

வீட்டில் அலமாரியைத் திறந்தபோது முட்டை அட்டை கண்ணில் பட்டது. அதன் மூடியில் அவர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: "கொட்டினால் உடனே சொல்லவும்." நான் மார்க்கரைத் தேடி எடுத்து அதற்குக் கீழே எழுதினேன்: "இறுகினால் நீங்களும்."